கராத்தே போட்டியன்று பிள்ளையின் பதற்றத்தைக் கூட்டும் தவறுகள்

புதிதாகப் பிள்ளைகளைக் குமித்தே (இருவர் நேருக்கு நேர் மோதும்) போட்டிக்கு அழைத்து வரும் மாஸ்டர்களும் பெற்றோரும் வருஷா வருஷம் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். பல் காப்பு மறந்தது, வயதுச் சான்றிதழ் விட்டுப்போனது எல்லாம் ஒருமுறை பட்டால் தீர்ந்துவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

காலை எட்டு மணிக்கே வார்ம் அப்

தொடக்க விழா முடிந்ததும் மொத்தக் குழுவையும் வேர்க்க விறுவிறுக்க ஓடவைத்து உட்காரவைத்துவிடுகிறார்கள். பிள்ளையின் பவுட் (மோதல் சுற்று) வருவதோ மதியம் ஒரு மணிக்கு. அதுவரை பிள்ளை கேலரியில் உட்கார்ந்து, தன்னோடு மோதக்கூடியவர்கள் அடுத்தடுத்து ஜெயிப்பதையே பார்த்துக்கொண்டிருக்கும். உடம்பு ஆறிப்போகும். பெயரைக் கூப்பிட்டதும் மேட்டில் (போட்டி விரிப்பில்) ஏறினால் கால் கனக்கும், பத்தே வினாடியில் மூச்சு வாங்கும். அதில் பெரும்பங்கு ஆறிப்போன உடம்பின் வேலை. பிள்ளையோ 'நான் பயந்தாங்கொள்ளி' என்று முடிவுகட்டிவிடும், அந்த நினைப்பு அடுத்த போட்டிக்கும் கூடவே வரும். முழுக்கத் தவிர்க்கக்கூடிய இந்தச் சேதத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரமாக வருகிறது.

டிராவை (யார் யாரோடு, எந்த வரிசையில் என்ற பட்டியலை) வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 14 முதல் 17 வயது வரை பவுட் 2 நிமிடம். நடுவர் நிறுத்தச் சொல்லும் ஒவ்வொரு 'யாமே'க்கும் கடிகாரம் நிற்பதால், ஆள் மாறுவதையும் சேர்த்து 4 நிமிடம் வையுங்கள். ஐந்து பவுட் பாக்கி இருக்கும்போது தொடங்கினால் 20 நிமிடம் கிடைக்கும். முதல் 5 நிமிடம் மெல்லிய துள்ளல், இடுப்பு, கணுக்கால். பிறகு பேடில் (அடித்துப் பழகும் மெத்தையில்) 10 வினாடி முழு வேகம், 30 வினாடி ஓய்வு, ஆறு முறை. முதல் மூச்சிரைப்பு மேட்டுக்கு வெளியிலேயே வந்து போய்விட வேண்டும். அப்புறம் கையுறை, ஒரு மடக்குத் தண்ணீர், 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடும் மூச்சு ஐந்து முறை.

வார்ம் அப் தொடங்கும்வரை பிள்ளை ஜாக்கெட் போட்டுக்கொண்டு அரங்குக்கு வெளியே இருக்கட்டும். பவுட் நகர்வதைப் பெரியவர் ஒருவர் கவனித்தால் போதும்.

"பயப்படாதே"

சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக, "முதல்ல கிஜாமி (முன்கைக் குத்து). அடிச்சதும் விலகு." இவ்வளவு போதும்.

வெறும் வயிறு

பதற்றத்தில் சாப்பாடு இறங்காது. பசியில் கை நடுங்கினால் அதையும் பயம் என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும். பவுட்டுக்கு 3 மணி நேரம் முன்பு மூன்று நான்கு இட்லி, ஒரு மணி நேரம் முன்பு வாழைப்பழம். காபியும் எனர்ஜி டிரிங்கும் ஏற்கெனவே படபடக்கும் நெஞ்சை இன்னும் படபடக்க வைக்கும்.

பயிற்சியில் எப்போதும் 0–0

முதல் புள்ளி போனதும் உறைந்து நிற்பது இதனால்தான். வாரம் இருமுறை, பிள்ளை 0–2 பின்தங்கியிருக்கிறது, கடைசி 40 வினாடி என்று தொடங்குங்கள். எதிராளியின் தலைக்கு ஓர் உதை விழுந்தால் 3 புள்ளி. பயிற்சியிலேயே அப்படி மீண்டு பழகிய பிள்ளை போட்டியில் எளிதில் உறையாது.

கேலரியிலிருந்து கத்துவது

பிள்ளையின் காதில் விழ வேண்டியது ஒரே குரல், மாஸ்டருடையது.

தோற்ற அன்றே வீடியோ

வண்டியில் ஏறியதும் போனை நீட்டாதீர்கள். அடுத்த பயிற்சி நாளில், சரியாகச் செய்த ஓர் இடத்தை முதலில் காட்டிவிட்டு, திருத்த வேண்டிய ஒன்றே ஒன்றைச் சொல்லி, அன்றே அதைப் பேடில் அடிக்கவையுங்கள்.