சிலோன் பணம்: பழைய கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தம்பி ஒருவர் மதுரை மேலமாசி வீதியில் உள்ள என் அறைக்கு வந்தார். 1960களில் இலங்கையிலிருந்து மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்த பணத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய அட்டவணையின் மூன்றாம் பக்கத்தில், முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை உட்கார்ந்திருந்தது. வாங்கி வைத்த காப்பி ஆறிவிட்டது; என் எரிச்சல் ஆறவில்லை.

கூட்டல் பிழை, பூச்சியம் விட்டுப்போவது போன்றவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை. அவை தாமாகவே பிடிபட்டுவிடும்.

36.5 விழுக்காடு

1966 ஜூன் தொடக்கம்வரை இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் சரிக்குச் சரி. இரண்டு நாட்டிலும் ஒரு டாலருக்கு 4.76 ரூபாய். 1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, டாலர் 7.50 ஆனது. இலங்கை அசையவில்லை.

இந்த நிகழ்வைப் பற்றி எங்கே படித்தாலும் ‘36.5 விழுக்காடு மதிப்புக் குறைப்பு’ என்றுதான் இருக்கும். அது சரியான எண். அதை எடுத்துக்கொண்டு, 100 இலங்கை ரூபாய்க்கு 136.50 இந்திய ரூபாய் என்று எழுதுவதுதான் பிழை. உண்மையில் கிடைத்தது 157.50.

ஆடித் தள்ளுபடியில் பாதி விலைக்குப் போட்ட சுங்குடிச் சேலையைப் பழைய விலைக்கு ஏற்ற வேண்டுமானால் 50 விழுக்காடு ஏற்றினால் போதுமா? இரட்டிப்பாக்க வேண்டும். அதே கதைதான் இங்கேயும். இந்திய ரூபாயின் பக்கம் நின்று பார்த்தால் அது 100லிருந்து 63.50க்கு இறங்கியது. இலங்கை ரூபாயின் பக்கம் நின்று பார்த்தால், 7.50ஐ 4.76ஆல் வகுத்தால் வருவது 1.575. ஒரே இறக்கம்தான்; அளக்கும் அடி வேறு.

என் கதைக்கு வருகிறேன். அப்போது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் எடுபிடியாக இருந்து, பழைய பேரேடு படிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். மேலூர் பக்கம் ஒரு குடும்பத்தில் பங்கு பிரிப்பு. தம்பி கொழும்பில் கடை வேலை. அண்ணன் ஊரில் அந்தப் பணத்தைக் கொண்டு வீடு கட்டியவர். இருவரும் காலமாகிவிட்டார்கள். தம்பி அனுப்பியது எவ்வளவு என்பதுதான் வழக்கு. 1966 ஆகஸ்டுக்கும் 1967 அக்டோபருக்கும் இடையில் ஐந்து முறை, முறைக்கு 600 இலங்கை ரூபாய் அனுப்பியதாகக் கடிதங்கள் சொல்லின. மதிப்புக் குறைப்பு நடந்தது எனக்குத் தெரியும் என்பதில் ஏகப்பட்ட பெருமை. 600ஐ 1.365ஆல் பெருக்கி 819 என்று போட்டு, மொத்தம் 4,095 என்று கோடு கிழித்தேன். அந்தக் கணக்கின்மேல் கையெழுத்தும் ஆகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்துத் தம்பியின் மகள் ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய வங்கிச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். கமிஷன் போக 943 ரூபாய் வரவு என்று இருந்தது. நான் சொன்ன பதில் இன்றும் காதில் ஒலிக்கிறது: “வங்கியில் தவறாகப் போட்டிருப்பார்கள், அக்கா.” அவர் எதுவும் பேசவில்லை. சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். சரியான தொகை 4,725. அவர் தந்தையின் கணக்கில் 630 ரூபாயை, அந்தக் காலத்துக் குமாஸ்தா ஒருவரின் சில மாதச் சம்பளத்தை, நான் விழுங்கியிருந்தேன். அந்தக் குடும்பத்தில் ஒரு பக்கத்தார் என்னை இன்றும் கல்யாணத்துக்கு அழைப்பதில்லை.

இந்தப் பிழை எளிதில் பிடிபடாததற்கு ஒரு காரணம் உண்டு. 1967 நவம்பரில் பவுண்டு இறங்கியவுடன் இலங்கையும் தன் ரூபாயை 20 விழுக்காடு குறைத்தது. அங்கே டாலர் 5.95 ஆனது. இங்கே 157.50லிருந்து நேராக 20 விழுக்காட்டைக் கழித்தால் 126 வரும், விடை சரி. இந்த முறை மதிப்பு இறங்கியது நாம் மாற்றுகிற இலங்கைப் பணம்தான் என்பதால் அது பொருந்துகிறது. இதைச் சரியாகப் போட்டவர், முந்தையதும் சரி என்று நம்பிவிடுகிறார். அந்த ஆய்வுத் தம்பியும் என்னிடம் இதைத்தான் வாதாடினார்.

விழுக்காட்டை விட்டுவிடுங்கள். இரண்டு டாலர் விலைகளையும் எழுதி வகுத்துவிடுங்கள்.

ஆண்டுச் சராசரி

1966க்கு இந்திய ரூபாயின் சராசரி என்று அட்டவணைகளில் டாலருக்கு 6.30 சொச்சம் இருக்கும். அந்த ஆண்டில் அந்த விலைக்கு ஒரு நாள்கூடப் பணம் மாறவில்லை. ஜூன் 5 வரை 4.76, மறுநாளிலிருந்து 7.50, நடுவில் எதுவும் இல்லை. கடிதத்தின் தேதியைப் பாருங்கள், அதைவிட வரவு வைத்த தேதியைப் பாருங்கள்.

இன்றைய விகிதம்

இன்று நம் ரூபாய் பெரிது. அன்று இல்லை. இன்றைய விகிதத்தைப் பழைய தொகைக்குப் போடாதீர்கள்.

இரண்டு விலைக் காலம்

1968 மே மாதம் இலங்கை அந்நியச் செலாவணிக்கு உரிமைச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. அத்தியாவசியப் பொருள்களுக்கு 5.95, மற்ற பலவற்றுக்கு அதன்மேல் 44 விழுக்காடு கூடுதல், அதாவது டாலருக்கு 8.57. கூடுதல் பிறகு 55 ஆகி, 65 வரை போனது. 1977 நவம்பரில் இரண்டையும் ஒன்றாக்கி 16 ரூபாய் அளவில் விட்டார்கள். ஒரு காலத்தில் ஒன்றரை இந்திய ரூபாயாக இருந்த இலங்கை ரூபாய் ஏறத்தாழ அரை ரூபாயாகிவிட்டது. இந்த ஒன்பது ஆண்டுகளுக்குள் வரும் தொகைக்குச் சீட்டு கிடைக்காவிட்டால், இரண்டு விலையிலும் கணக்கிட்டு இரண்டையும் எழுதுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

அணாவும் சதமும்

இலங்கையில் 1872 முதலே சதம். நம்மிடம் 1957 ஏப்ரல் 1 வரை அணா. மதுரைப் பேரேட்டில் 12-8-0 என்றால் 12 ரூபாய் 8 அணா, அதாவது பன்னிரண்டரை ரூபாய்.

இ.ரூ.

இந்தியாவும் ‘இ’, இலங்கையும் ‘இ’. குறிப்பேட்டில் சுருக்கி எழுதாதீர்கள். 1994இல் நான் எழுதிய இரண்டு நோட்டுகள் ‘இ.ரூ. 600’, ‘இ.ரூ. 450’ என்று பக்கம் பக்கமாகப் பரணில் கிடக்கின்றன.