பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஆல்ஃபா ரோமியோ, ஃபெராரி, லான்சியா எதை எடுத்தாலும் "பார்க்க அழகு, பாதி வழியில் நின்றுவிடும்" என்று சொல்வார்கள். என் கணிப்பில், நிற்கும் கார்களில் பெரும்பாலானவை சரியாகக் கவனிக்கப்படாதவை.

ஓடோமீட்டரில் குறைந்த கிலோமீட்டரைப் பார்த்து மயங்குவதுதான் முதல் தவறு. வருடக்கணக்கில் ஷெட்டில் நின்ற காரில் ரப்பர் சீல்கள் காய்ந்து வெடித்திருக்கும், பிரேக் இறுகியிருக்கும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரைக் கெட்டுப்போன பெட்ரோல் அடைத்திருக்கும். 1975-இல் வந்த ஃபெராரி 308-இல் வெபர் என்ற கம்பெனியின் கார்புரேட்டர் மட்டும் நான்கு. நான்கும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி சரிசெய்யப் பழகிய கை வேண்டும். கிலோமீட்டர் கூடுதலானாலும், அடிக்கடி ஓடி, சர்வீஸ் பில்களோடு வரும் காரே மேல்.

அப்புறம் டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டன்களின் ஓட்டத்துக்கு ஏற்ப வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் பட்டை. 308-இன் வி8 இன்ஜினில் இரண்டு பெல்ட் உண்டு. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ரப்பர் என்பதால் ஓடாத காரிலும் அது பழசாகும். கிலோமீட்டரோடு வருடத்தையும் பாருங்கள். ஃபெராரியின் இன்னொரு காரான டெஸ்டரோஸாவில் பெல்ட் மாற்ற வழக்கமாக இன்ஜினையே இறக்குவார்கள். அந்தச் செலவுக்குப் பயந்துதான் சிலர் காரையே விற்கிறார்கள். 1966-இல் அறிமுகமான ஆல்ஃபா ஸ்பைடரின் இன்ஜினில் பெல்ட்டுக்குப் பதில் செயின். முதல்முறை வாங்குபவருக்கு நான் அதையே சொல்வேன்.

ஆனால் ஸ்பைடரில் துருவைப் பார்க்காமல் வாங்காதீர்கள். துரு விஷயத்தில் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. 1980 வாக்கில் லான்சியா பீட்டாவின் துரு பிரிட்டனில் பெரிய விவகாரமாகி, கம்பெனியே பல கார்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கூரையில்லாத ஸ்பைடரில் உடலின் பலம் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில்தான் பெரிதும் இருக்கிறது. அங்கே பட்டி வைத்துப் புது பெயிண்ட் அடித்திருந்தால், துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒட்டாமல் காட்டிக்கொடுக்கும். இன்ஜினைத் திரும்பக் கட்டிவிடலாம். துருவேறிய பாடியைச் சரிசெய்யும் செலவு காரின் விலையையே தாண்டிவிடும்.

லைட் மங்கினால் வயரிங் முழுவதையும் பிடுங்க வேண்டாம். முதலில் எர்த் இணைப்புகளை, அதாவது வயர்கள் காரின் உடலோடு சேரும் இடங்களை, சுரண்டி இறுக்குங்கள். கியர் ஆயில் சூடாகும்வரை 308-இலும் பழைய ஆல்ஃபாக்களிலும் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். திணிக்காமல், முதலிலிருந்து நேராக மூன்றாவதுக்குப் போய்விடுங்கள்.

தொல்லை வேண்டாம் என்று கார்புரேட்டரையே கழற்றி எறிந்து, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனை வைப்பதும் தவறு, எனக்கு மனம் வலிக்கும் தவறு. 308-இல் இன்ஜின் இருப்பது உங்கள் முதுகுக்குப் பின்னால். நான்கு வெபர்களும் காற்றை இழுக்கும் உறுமலுக்காகத்தான் பலர் அதைத் தேடி அலைகிறார்கள். புகைக் கட்டுப்பாட்டுக்காக 1980-இல் ஃபெராரியே அதில் போஷ் இன்ஜெக்‌ஷனைப் பொருத்தியபோது குதிரைத்திறன் குறைந்தது. அந்தக் கார்களைவிட, கார்புரேட்டர் வைத்த 308-க்கே இன்றும் மவுசு அதிகம்.