நண்பரின் நினைவாகச் சிறுவர் தடகளப் போட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில், காலமான நண்பரின் நினைவாகக் கபடியோ வாலிபாலோ நடத்துவது நெடுநாள் வழக்கம். இப்போது சில நண்பர் குழுக்கள் சிறுவர்களுக்கான ஓட்டப் போட்டி நடத்தவும் முன்வருகின்றன. மகிழ்ச்சிக்குரிய மாற்றம் இது. ஆனால் கபடி ஆட்டத்தை ஊரே சேர்ந்து நடத்திவிட முடியும். தடகளத்துக்கு அளவும் நேரமும் ஒழுங்கும் வேண்டும். நண்பரை இழந்த துக்கம் நம்முடையது, ஓடப்போவதோ அவரை அறியாத குழந்தைகள். அந்தக் குழந்தைகளுக்கு நியாயமான ஒரு பந்தயம் கிடைத்தால்தான் அவர் பெயருக்கு மரியாதை என்பதை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, நினைவு நாளன்றே நடத்தியாக வேண்டும் என்ற பிடிவாதம். நண்பர் மறைந்தது மே மாதம் என்பதற்காக, அக்னி நட்சத்திர வெயிலில் பத்து வயதுப் பிள்ளைகளை ஓடவிடுவது எந்த வகையிலும் சரியாகாது. சித்திரைத் திருவிழா நாட்களில் ஊரும் காவல்துறையும் அழகரோடு இருக்கும்; அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை மைதானத்தைச் சேறாக்கிவிடும்; மார்ச்சில் தேர்வுகள் தொடங்கிவிடும்; பொங்கலை ஒட்டிய நாட்களில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை விட்டு யாரும் வரமாட்டார்கள். ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரையிலான ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை மிகவும் உகந்தது. திதியன்று வீட்டில் படையல் நடக்கட்டும். போட்டியைப் பருவம் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மேடை. சிறப்பு விருந்தினர் வரும் வரை குழந்தைகளை வரிசையில் நிறுத்தி வைப்பதும், அவர் வந்த பிறகு பொன்னாடை, வரவேற்புரை, நினைவுரை என்று வெயில் ஏறும் வரை இழுப்பதும் பல இடங்களில் நடக்கிறது. காலை 7 மணிக்கு முதல் ஓட்டம் என்று அறிவித்தால் 7 மணிக்கே தொடங்கிவிட வேண்டும். விருந்தினர் எப்போது வந்தாலும் பரிசளிப்பில் சேர்ந்துகொள்ளட்டும். நண்பரைப் பற்றி ஒருவர் மட்டும் இரண்டு நிமிடம், குழந்தைகளுக்குப் புரியும்படி பேசினால் போதும்: அவர் எந்தப் பள்ளியில் படித்தார், எப்படி ஓடினார், யாருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார் என்பதைச் சொல்லலாம். இறந்த விதத்தையோ நோயையோ ஒலிபெருக்கியில் விவரிக்கக் கூடாது. அவருடைய தாயையோ மனைவியையோ கேட்காமல் மேடையேற்றி, கையில் மைக்கைக் கொடுப்பது மிகப் பெரிய கொடுமை. அவர்கள் பந்தல் நிழலில் அமர்ந்து, பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போக விரும்பலாம். அந்த விருப்பத்துக்கு இடம் கொடுக்க வேண்டும்.

மைதானத்தைப் பொறுத்தவரை, கிராமப் பள்ளித் திடல்களில் நெருஞ்சி முள்ளும் சீமைக் கருவேல முள்ளும்தான் முதல் எதிரிகள். முந்தைய நாள் மாலையில் பத்துப் பேர் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நடந்து, குனிந்து பொறுக்கினால்தான் முள் போகும். விளக்குமாற்றால் பெருக்கினால் மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். கோடு போடுவதற்குத் தெருவில் தூவும் பிளீச்சிங் பவுடர் கலந்த சுண்ணாம்பைப் பயன்படுத்துவதும் தவறு. வெறுங்காலோடு ஓடும் குழந்தையின் பாதத்தையும், கீழே விழுந்தால் கண்ணையும் அது பதம் பார்த்துவிடும். சாக்பீஸ் மாவு அல்லது சாதாரணக் கோலமாவு போதுமானது.

மிகுதியாக நடப்பதும், கண்ணுக்குத் தெரியாமல் அநியாயம் செய்வதும் லேன் (ஒருவர் ஓடுவதற்கான தனிப் பாதை) அளவில்தான். 400 மீட்டர் டிராக்கில் 200 மீட்டர் ஓட்டம் அரைச் சுற்று; பள்ளித் திடலில் நாம் போடும் 200 மீட்டர் டிராக்கில் அதே ஓட்டம் முழுச் சுற்று. வளைவில் வெளி லேன் நீளமானது என்பதால், லேனின் அகலம் 1.22 மீட்டராக இருந்தால், அரைச் சுற்றுக்கு ஒவ்வொரு வெளி லேனும் சுமார் 3.83 மீட்டர் முன்னால் தொடங்க வேண்டும். முழுச் சுற்றுக்கு 7.67 மீட்டர். டிராக் பெரிதா சிறிதா என்பது இந்தக் கணக்கை மாற்றாது. லேனின் அகலமும் எத்தனை சுற்று என்பதும்தான் மாற்றும். பெரிய டிராக்கின் அரைச் சுற்றுக் கணக்கை அப்படியே பள்ளித் திடலில் போட்டுவிட்டால், ஆறாவது லேனில் ஓடும் பிள்ளை முதல் லேன் பிள்ளையை விட ஏறத்தாழ 19 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. அந்தப் பிள்ளை தோற்றுப்போனதாகவே எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். லேனை 1 மீட்டர் அகலத்தில் போட்டால் முழுச் சுற்றுக்கு 6.28 மீட்டர் என்று கொள்ளவேண்டும். காலடியால் அளக்காமல், இரும்பு டேப்பால் இரண்டு பேர் தனித்தனியாக அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இதற்கெல்லாம் ஆளில்லை என்றால் வளைவு ஓட்டங்களையே விட்டுவிட்டு 50, 80 மீட்டர் நேர் ஓட்டங்களை மட்டும் நடத்தலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

முடிவுக் கோட்டில் நைலான் கயிறு பிடிப்பது ஆபத்து. கழுத்தில் பட்டால் அறுத்துவிடும். கோட்டுக்கு அப்பால் குறைந்தது 15 மீட்டராவது வெற்றிடம் வேண்டும். செல்போனுடன் அங்கே வந்து நிற்கும் பெற்றோரை அன்பாகவும் கண்டிப்பாகவும் விலக்குவதற்கென்றே ஒருவரை நியமிக்க வேண்டும். தலையோ கையோ முந்துவது கணக்கில் வராது, மார்பும் வயிறும் அடங்கிய நடு உடல் கோட்டைத் தொடுவதுதான் முடிவு என்பதை நடுவர்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஸ்டாப் வாட்ச் பிடிப்பவர் விசில் சத்தத்தைக் கேட்டு அழுத்தினால் நேரம் தவறிவிடும், ஏனென்றால் 100 மீட்டரைக் கடக்க ஒலிக்கே கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகிறது. ஓட்டத்தைத் தொடங்கிவைப்பவர் கையிலுள்ள கிளாப் கட்டை (தட்டி ஒலி எழுப்பும் இரட்டைப் பலகை) இணைவதைக் கண்ணால் பார்த்து அழுத்துவதே முறை. அப்படி எடுத்தாலும் வெவ்வேறு கைகள் எடுத்த நேரத்தை ஒப்பிட்டு இறுதிச் சுற்றுக்கு ஆள் தேர்வு செய்வது நியாயமாகாது. பதினெட்டுப் பேர் வந்தால் மூன்று ஹீட்ஸ் (தகுதிச் சுற்று ஓட்டங்கள்) வைத்து, ஒவ்வொன்றிலும் முதல் இருவரை இறுதிக்கு அனுப்பினால் யாருக்கும் குறையிருக்காது. பெரியவர்களுக்கான போட்டிகளில் சைகைக்கு முன்பே ஓடத் தொடங்குபவரை முதல் தவறிலேயே வெளியேற்றும் விதி 2010ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதை எட்டு வயதுக் குழந்தையிடம் காட்ட வேண்டாம்; அருகில் போய் விளக்கிச் சொல்லி, மறுபடி நிற்க வைக்கலாம்.

வகுப்பு வாரியாகப் பிரிப்பதைவிடப் பிறந்த தேதி வாரியாகப் பிரிப்பதே சரி. 12 வயதுக்குக் கீழே ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) அணிய அனுமதிக்கக் கூடாது. ஷூ இல்லாதவர்களைத் தடுக்கவும் கூடாது. மதுரை அருகே சக்கிமங்கலத்தில் பாட்டியிடம் வளர்ந்து, தொடக்கக் காலத்தில் வெறுங்காலோடு ஓடிய ரேவதி வீரமணிதான் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். கால் வெறுமையாக இருப்பதைப் பார்த்துத் திருப்பி அனுப்பப்படும் பிள்ளை யாராக வளரும் என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஓட்டத்துக்கு முன் வயிறு நிறையப் பொங்கல் வடை கொடுப்பது வேண்டாம். இட்லியும் வாழைப்பழமும் இரண்டு மணி நேரத்துக்கு முன்பாகவே முடிந்துவிட வேண்டும். நீர்மோர்ப் பானையும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் தொடக்கக் கோட்டருகிலேயே இருக்கட்டும்.

பரிசில் செய்யும் தவறு, ஆளுயரக் கோப்பைக்குப் பணத்தைக் கொட்டுவது. அது வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும். எவர்சில்வர் தட்டில் நண்பரின் பெயரையும் ஆண்டையும் வெட்டிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை அதில் தினமும் சாப்பிடும். பாத்திரக் கடையில் பெயர் வெட்ட நேரமாகும் என்பதால் ஒரு வாரம் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும். கடைசியாக வந்த குழந்தைக்கும் ஒரு டம்ளராவது இருக்கட்டும். சான்றிதழில் இனிஷியலையும் எழுத்துப் பிழையையும் அந்தக் குழந்தையிடமே கேட்டுச் சரிபார்த்த பிறகு கையெழுத்திட வேண்டும்.

போட்டி முடிந்த கையோடு முடிவுத் தாள்களைத் தொலைத்துவிடுவது இன்னொரு பிழை. ஒவ்வொரு பிள்ளையும் பிடித்த இடம், ஓடிய நேரம், பிறந்த தேதி ஆகியவற்றோடு ஒரு பிரதியை அந்த வாரத்திலேயே பள்ளி பி.டி. ஆசிரியர்களிடம் சேர்த்துவிட்டால், வட்டார அளவிலான போட்டிகளுக்கு யாரை அழைத்துப் போகலாம் என்று அவர்கள் முடிவு செய்ய அது உதவும்.