கோல்ஃப் கிளப் தளத்துக்குப் பலகை எடுக்கும் முன்

கொடைக்கானல் மாதிரி பனியும் பாசியும் உள்ள ஊரில் கிளப் வராந்தாவுக்குப் பலகை எடுப்பதென்றால், படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுக்காதீர்கள். சாம்பிள் வாங்கி, தண்ணீர் ஊற்றி, ஒரு பிடி மண்ணும் புல்லும் தூவி, கோல்ஃப் ஷூவோடு அதன்மேல் திரும்பிப் பாருங்கள். முதல் வேலையில் நான் உலர்ந்த தேக்கைக் கையால் தடவிப் பார்த்தே வாங்கினேன். மழை வந்ததும் வழுக்கி விழுந்த முதல் ஆள் நான்தான்.

வரிப்பள்ளம் போட்ட பலகையை நம்பாதீர்கள். பள்ளத்தில் மண் அடைந்து பாசி பிடித்துவிடும். சொரசொரப்பான மணல் பட்டை பதித்தது எவ்வளவோ மேல். விற்பவரிடம் பெண்டுலம் சோதனை அறிக்கை கேளுங்கள்; பலகை எவ்வளவு வழுக்கும் என்று ஊசல் கருவியால் அளக்கும் சோதனை அது. நனைந்த நிலையில் அதன் மதிப்பு 36-க்குக் குறைந்தால் வேண்டாம். அப்புறம், படியோரத்தில் வேறு நிறப் பட்டை ஒட்டச் சொல்லுங்கள்.