தீர்வைக் கேட்கும் முன் மக்கள் சொன்னதைக் கொடுங்கள்
குப்பை, குடிநீர் என்று உள்ளூர்ப் பிரச்சினையைக் கையில் எடுக்கும் இளைஞர்கள், சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவு (ஏஐ) கருவிகளிடம் எடுத்த எடுப்பில் தீர்வு கேட்க வேண்டாம். முதலில் 20, 30 பேர் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே, வரிக்கு வரி எண் போட்டு உள்ளிடுங்கள். "காரணவாரியாகப் பிரித்து, எந்த எண் ஆதாரம் என்றும் குறிப்பிடு" என்று கேளுங்கள்.

வெறுமனே கேட்டால் எந்த ஊருக்கும் பொருந்தும் அறிவுரைதான் வரும். எண் இருந்தால் மக்கள் சொன்ன அசலோடு ஒப்பிட்டு, ஏஐ இட்டுக்கட்டியதை அங்கேயே பிடித்துவிடலாம். எனக்கு இதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது. அப்புறம், பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கிவிட்டே உள்ளிடுங்கள்.

ஐந்தாறு பேர்தான் பேசினார்கள் என்றால் இது தேவையில்லை, நீங்களே படித்துவிடலாம். வன்முறை, குழந்தைகளுக்கு ஆபத்து போன்றவற்றுக்கு இந்த வழி கூடவே கூடாது. உடனே உரியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.