கரிம வினையில் மின்சாரம்: மின்பகுப்புச் செல்லை மாட்டும் முன் பார்க்க வேண்டியவை

ஆக்சிஜனேற்றத்துக்குக் குரோமியம் உப்பு வேண்டாம், மின்சாரத்தாலேயே எலக்ட்ரானை நேரடியாக உருவிக்கொள்ளலாம் என்றதும், ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கம்பியைத் தேடுவார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இன்னொரு மின்வாயில் என்ன நடக்கும்?

நேர்மின்வாயில் போன எலக்ட்ரானை எதிர்மின்வாயில் ஏதாவது ஒன்று வாங்கியே ஆக வேண்டும். ஷோனோ ஆக்சிஜனேற்றத்தில் இது சுலபம். மெத்தனாலில் கரைந்த கார்பமேட்டில் நைட்ரஜனுக்குப் பக்கத்துக் கார்பனில் மெத்தாக்சி ஏறும். மறுபக்கம் ஹைட்ரஜன் குமிழி வரும். புகைக்கூண்டுக்குள் வைத்தால் போதும். அதே மூலக்கூறில் நைட்ரோ தொகுதி இருந்தால்? அது எதிர்மின்வாயில் ஒடுங்கிவிடும். அப்புறம் இரண்டு மின்வாய்களையும் பிரித்து வைக்க, நடுவில் சவ்வு வைத்த இரட்டை அறைச் செல் வேண்டும். மின்தடை கூடும், கரைசல் சூடாகும். அந்த நிலையில் நான் பெரும்பாலும் மின்சாரத்தையே விட்டுவிடுவேன்.

சரி, செய்வதென்று முடிவானால் நேரத்தைக் கணக்கிடுங்கள். 1 மில்லிமோல் பொருளில் மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான் என்றால் 193 கூலும் மின்னூட்டம் வேண்டும். 10 மில்லியாம்பியரில் சுமார் 5 மணி 20 நிமிடம். பக்கவினைகளும் மின்னோட்டத்தில் பங்கு கேட்கும் என்பதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் ஆகும். ஆனால் மறந்து ஓடவிடாதீர்கள்: மூலப்பொருள் தீரத் தீர மின்னழுத்தம் ஏறி, விளைபொருளையே தின்ன ஆரம்பிக்கும்.

இதைப் 'பசுமை வேதியியல்' என்று வாய் நிறையச் சொல்கிறோம். மின்பகுளியை, அதாவது கரைசலில் மின்சாரம் ஓடுவதற்காகச் சேர்க்கும் உப்பை, எடை போட்டால் உற்சாகம் குறையும். 10 மில்லி கரைப்பானில் 0.1 மோலார் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் டெட்ராஃபுளூரோபோரேட் என்றால் 329 மில்லிகிராம்; அதாவது உங்கள் மூலப்பொருளுக்குச் சமமாக இன்னொரு மில்லிமோல் உப்பு. கடைசியில் அதைப் பிரிக்கும் வேலையும் உங்களுடையதுதான். பெர்குளோரேட் உப்பை மட்டும் தொடாதீர்கள். கரிமப் பொருளோடு சேர்ந்து உலர்ந்தால் வெடிக்கக்கூடியது.

வினை பாதியில் இருக்கும்போதே மின்னழுத்தம் திடீரென ஏறினால், மின்வாயில் பாலிமர் படலம் படிந்திருக்கலாம். மின்வாயைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், அல்லது அவ்வப்போது முனைகளை மாற்றி ஓட்டுங்கள்.

அளவைப் பெரிதாக்கும்போது பாத்திரத்தின் கொள்ளளவைவிட மின்வாயின் பரப்பைத்தான் பார்க்க வேண்டும். முடியாத காரியமில்லை. அக்ரிலோநைட்ரைலை இரண்டிரண்டாக இணைத்து, நைலானுக்குத் தேவையான அடிப்போநைட்ரைலை மான்சாண்டோ நிறுவனம் 1965 முதலே தொழிற்சாலை அளவில் செய்தது. பிற்காலத்தில் சவ்வில்லாத செல்லுக்கும் மாறியது.

ஆனால் ஒரு கீட்டோனை ஆல்கஹாலாக்க மட்டும் வேண்டுமா? சோடியம் போரோஹைட்ரைடு அரைமணியில் முடித்துவிடும். அதற்கு என்னிடம் செல் கேட்டு வராதீர்கள்.