பழைய பைசாவைத் தேய்க்காதீங்க!

பாம்பனில் எங்க அப்பத்தா சுருக்குப்பையில் தாமரை போட்ட மஞ்சள் இருபது பைசா கிடந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். வாங்க வந்தவர் பார்த்ததுமே ஒதுக்கிவிட்டார். அழுக்கு போனதோடு மதிப்பும் போச்சு!

25 பைசா 2011-ல் செல்லாமல் போனதாலேயே அபூர்வமாகிவிடாது. வீட்டுக்கு வீடு கிடக்கிறது. காசில் போட்டிருக்கும் வருடத்தில் அதை அடித்த நாணயச்சாலை எத்தனை அடித்தது, காசு புழங்கி எவ்வளவு தேய்ந்தது, இவைதான் விலையைச் சொல்லும். எந்தச் சாலை அடித்தது என்ற குறி வருடத்துக்குக் கீழே இருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்க: வைர வடிவம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, வெறுமையாக இருந்தால் கொல்கத்தா.

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடலில் பொறுக்கிய காசு? உப்பு அரித்ததை யாரும் சீண்ட மாட்டார்கள். அலுமினியப் பைசாவுக்கு நம்மூர் உப்புக்காற்றே எமன். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்க.